வெளிச்சம் விடாத சோலார் செல்லை நம்பாதீங்க!

தலைப்பைப் படிச்சதும் "சோலார் செல் வெளிச்சத்தை வாங்கத்தானே செய்யும், எங்கேய்யா விடும்?" என்று கேட்கத் தோன்றும். விடும். விட வேண்டும். எந்த செல் நன்றாக வெளிச்சம் விடுகிறதோ அதுதான் நல்ல செல். இந்த ஒரு வரி புரிந்துவிட்டால் சோலார் பற்றி நம்ம ஊரில் சுற்றிக்கொண்டிருக்கும் பாதிக் கதைகளை ஓரம் கட்டிவிடலாம். அதற்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீ போட்டு வைத்துக்கொண்டு உட்காருங்கள் :)

எனக்குச் சண்டை மூன்று கோஷ்டிகளோடு.

முதல் கோஷ்டி ஃபார்வர்டு கோஷ்டி. "இப்போ சோலார் போடாதீங்க, பெரோவ்ஸ்கைட்னு ஒண்ணு வருது, பெயிண்ட் மாதிரி அடிச்சா போதும், பாதி விலை, டபுள் கரண்ட்." இரண்டாவது தலைப்புச் செய்தி கோஷ்டி. "34 சதவீதம்! உலக சாதனை!" என்பதோடு செய்தி முடிந்துவிடும். எவ்வளவு பெரிய செல், எத்தனை மணி நேரம் தாங்கியது, ஒரு வார்த்தை இருக்காது. மூன்றாவது விற்பனை கோஷ்டி. "25 வருஷம் வாரண்டி சார், கண்ணை மூடிட்டுப் போடுங்க."

மூன்று பேரும் மூன்று விதமாகப் பேசினாலும் ஒரே கேள்வியிலிருந்து தப்பிக்கிறார்கள்: இந்தச் செல்லுக்குள்ளே நஷ்டம் எங்கே, எவ்வளவு?

இதைக் கேட்க பிசிக்ஸ் படித்திருக்க வேண்டியதில்லை. பி.காம் போதும். எப்படி என்று சொல்கிறேன்.

பெரோவ்ஸ்கைட் என்றால் என்ன?

1839-ல் குஸ்டாவ் ரோஸ் என்ற ஜெர்மானியர் ரஷ்யாவின் யூரல் மலையில் கிடைத்த ஒரு கனிமத்தை ஆராய்ந்து, லெவ் பெரோவ்ஸ்கி என்ற ரஷ்யரின் பெயரை அதற்கு வைத்தார். அது கால்சியம் டைட்டனேட். இன்று நாம் பேசுவது அந்தக் கனிமம் இல்லை. அதே அடுக்கு முறையில் அணுக்கள் அமைந்த வேறு பொருட்கள். சோலாருக்கும் எல்இடிக்கும் பயன்படுவதில் பெரும்பாலும் ஈயம் இருக்கும், அதைச் சுற்றி அயோடினோ புரோமினோ குளோரினோ இருக்கும், இடுக்கில் சீசியமோ ஒரு சின்ன கரிம மூலக்கூறோ உட்கார்ந்திருக்கும்.

2009-ல் ஜப்பானில் மியாசகாவின் குழு இதை வைத்து ஒரு சோலார் செல் செய்தது. திறன் 3.8 சதவீதம். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2012-ல் 10 சதவீதம் தொட்டதும் உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் 26 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. சிலிக்கான் அந்த இடத்துக்கு வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

செய்முறையையும் பாருங்கள். சிலிக்கானை 1,400 டிகிரிக்கு மேல் உருக்கிச் சுத்தம் செய்து படிகமாக இழுத்து அறுக்க வேண்டும். பெரோவ்ஸ்கைட்டைக் கரைசலாக ஊற்றி 100 டிகிரியை ஒட்டிச் சுட்டால் போதும், நம்ம தோசைக்கல்லை விடக் குறைந்த சூடு. சிலிக்கான் தகடு 150 மைக்ரான் அளவுக்குத் தடிமன் வேண்டும். இதற்கு அரை மைக்ரான் போதும். இவ்வளவு எளிதாகச் செய்த பொருள் எப்படி இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது? அங்கேதான் வெளிச்சம் வருகிறது.

நார்மல் லாஸ், அப்நார்மல் லாஸ்

ஒரு குறைகடத்தியை மாடி வீடு என்று வைத்துக்கொள்வோம். எலக்ட்ரான்கள் கீழ்த்தளத்தில் இருக்கின்றன. வெளிச்சம் பட்டால் ஒரு எலக்ட்ரான் மாடிக்குத் தாவும், கீழே அதன் இடம் காலியாகும். மாடியில் இருப்பதை ஒரு பக்கம், காலியிடத்தை மறுபக்கம் வழிநடத்தி வெளியே எடுத்தால் அதுதான் மின்சாரம். எடுப்பதற்குள் எலக்ட்ரான் கீழே விழுந்துவிட்டால் நஷ்டம்.

விழ இரண்டு வழி உண்டு. ஒன்று, மாடியிலிருந்து நேரே கீழே குதிப்பது. அப்போது அந்த ஆற்றல் அப்படியே ஒரு ஒளித்துகளாக வெளியே வரும். எல்இடி பல்பு எரிவது இப்படித்தான். இரண்டாவது, படிகத்தில் உள்ள குறைகளில் மாட்டிக்கொள்வது. ஓர் அணு இல்லாத இடம், விளிம்பு, விரிசல் இவையெல்லாம் நடுவழியில் இருக்கும் பள்ளங்கள். அதில் விழுந்தால் ஒளி வராது, வெறும் சூடுதான்.

இப்போது நம்ம காஸ்ட் அக்கவுண்டிங்கை எடுங்கள். ப்ராசஸ் காஸ்டிங்கில் என்ன படித்தோம்? எந்தத் தயாரிப்பிலும் தவிர்க்கவே முடியாத நஷ்டம் நார்மல் லாஸ். அது தொழிலின் இயல்பு, யாரையும் குறை சொல்ல முடியாது. கவனக்குறைவாலோ மோசமான சரக்காலோ வருவது அப்நார்மல் லாஸ். அதற்குத் தனிக் கணக்கு திறந்து லாப நஷ்டக் கணக்குக்குத் தள்ளுவோம், ஏனென்றால் யாராவது அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

சோலார் செல்லில் ஒளியாகப் போவது நார்மல் லாஸ். ஒளியை நன்றாக உறிஞ்சும் பொருள் ஒளியை நன்றாக வெளியேயும் விட்டே தீரும் என்பது இயற்கையின் விதி. கிர்ச்சாஃப் 19-ஆம் நூற்றாண்டிலேயே சொன்னது. 1961-ல் ஷாக்லியும் க்வைசரும் ஒரு சோலார் செல்லின் உச்சவரம்பைக் கணக்கிட்டபோது, விழும் எலக்ட்ரான் எல்லாம் ஒளியாக மட்டுமே விழுகிறது என்று வைத்துத்தான் கணக்குப் போட்டார்கள். அதாவது உச்சவரம்பைத் தொடும் செல்லில் அப்நார்மல் லாஸ் பூஜ்யம். விழும் எலக்ட்ரானில் சூடாகப் போவது எல்லாம் அப்நார்மல்.

2012-ல் மில்லர், யாப்லோனோவிச், கர்ட்ஸ் மூவரும் இதையே தெளிவாக எழுதினார்கள். சாரம் இதுதான்: நல்ல சோலார் செல் நல்ல எல்இடியாகவும் இருக்க வேண்டும். வயரைக் கழற்றிவிட்டு வெயிலில் வைத்தால், மின்சாரமாக வெளியேற வழியில்லாத ஆற்றல் ஒளியாகத் திரும்பி வர வேண்டும். அந்த ஒளி பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் சுமார் 60 மில்லிவோல்ட் நஷ்டம். ஒரு சிலிக்கான் செல் தருவதே 0.7 வோல்ட் அளவுக்குத்தான். அதில் 60 மில்லிவோல்ட் என்பது நூற்றுக்கு எட்டு ரூபாய்க்கு மேல். வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு இது சின்னத் தொகையா என்று கேட்டுப் பாருங்கள்.

சிலிக்கானில் எலக்ட்ரான் நேராகக் குதிப்பது கடினம். படிகத்தின் அதிர்வும் கை கொடுத்தால்தான் ஒளி வரும். அதனால்தான் சிலிக்கானில் பல்பு செய்வதில்லை. பெரோவ்ஸ்கைட்டில் நேராகக் குதிக்கலாம். அது மட்டுமில்லை, அதில் குறைகள் இருந்தாலும் பெரும்பாலானவை ஆழமான பள்ளமாக இல்லை, தரையை ஒட்டியோ மாடியை ஒட்டியோதான் இருக்கின்றன. எலக்ட்ரான் தடுக்கினாலும் எழுந்துகொள்ளும். சுமாராகச் செய்தாலும் நன்றாக வேலை செய்யும் ரகசியம் இதுதான். 2016-ல் கேம்பிரிட்ஜ் குழு இன்னொன்றையும் காட்டியது: உள்ளே பிறந்த ஒளித்துகளை அதே பொருள் மறுபடி உறிஞ்சி மறுபடி எலக்ட்ரானை மாடிக்கு அனுப்புகிறது. நஷ்டம் என்று எழுதியது மறுபடி வரவுக்கு வருகிறது!

அதே பொருள், இரண்டு வேலை

ஆகவே அதே பொருளுக்கு மின்சாரம் கொடுத்தால் பல்பு. 2014-ல் கேம்பிரிட்ஜில் ரிச்சர்ட் ஃப்ரெண்டின் குழு அறை வெப்பநிலையில் பளிச்சென்று எரியும் பெரோவ்ஸ்கைட் எல்இடியைக் காட்டியது. அப்போது திறன் 1 சதவீதம் கூட இல்லை. 2018-ல் 20 சதவீதத்தைத் தாண்டிவிட்டார்கள். நிறத்தை மாற்றுவதும் சமையல் மாதிரிதான். அயோடின் போட்டால் கருஞ்சிவப்பும் அகச்சிவப்பும், புரோமின் போட்டால் பச்சை, குளோரின் கலந்தால் நீலம். சுத்தமான, குறுகலான நிறம். டிவித் திரை செய்பவர்கள் இதன் பின்னால் ஓடுவது அதனால்தான்.

நம்ம நாட்டிலும் ஆள் இருக்கிறார்கள். சி.என்.ஆர். ராவ் பல பத்தாண்டுகளாக ஆக்சைடு பெரோவ்ஸ்கைட்டுகளில் வேலை செய்தவர். புனே ஐசரில் அங்ஷுமன் நாக் குழு 2015 முதலே ஒளிரும் சீசியம் பெரோவ்ஸ்கைட் நானோ படிகங்களில் இருக்கிறது. ஐஐடி பம்பாயில் தினேஷ் கப்ரா குழு சிலிக்கானுக்கு மேல் பெரோவ்ஸ்கைட்டை வைத்துச் செய்த இரட்டை அடுக்கு செல் 29.8 சதவீதம் எட்டியதாக 2025-ல் அறிவிக்கப்பட்டது. நிஜமான சாதனை. கை தட்டுங்கள். தட்டிவிட்டு அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.

அடுத்த கேள்வி: எத்தனை நாள்?

சீனாவின் லாஞ்சி நிறுவனம் 2025-ல் 34.85 சதவீதம் அறிவித்தது. இந்த மாதிரி சாதனைகளில் பல ஒரு சதுர சென்டிமீட்டர் அளவுள்ள செல்லில் செய்தவை. கட்டை விரல் நகம்! நம்ம மொட்டை மாடியில் ஏறும் பேனல் இரண்டு சதுர மீட்டருக்கு மேல். நகத்தில் ஊற்றியதைக் கதவு அளவுக்கு ஒரே சீராக ஊற்றுவது வேறு வித்தை. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு பிவி தன் முதல் வணிகப் பேனல்களை அமெரிக்காவுக்கு அனுப்பியதே 2024 செப்டம்பரில்தான். அதன் திறன் 24.5 சதவீதம். நல்ல எண்தான், ஆனால் "டபுள் கரண்ட்" எங்கே இருக்கிறது?

இந்தப் பொருளுக்கு ஈரம் ஆகாது, சூடு ஆகாது. உள்ளே அயனிகள் ஓரிடத்தில் நிற்காமல் நகரும். அயோடினும் புரோமினும் கலந்து செய்தால் வெயில் பட்டதும் இரண்டும் தனித்தனியாகப் பிரிகின்றன. விடும் ஒளியின் நிறமே சிவப்புப் பக்கம் நகர்கிறது என்று ஸ்டான்ஃபோர்டு குழு 2015-ல் காட்டியது. இதைக் கண்டுபிடித்தது எப்படி? ஒளியைப் பார்த்துத்தான். செல் கெட்டுப்போவதை மீட்டர் சொல்லும் முன் வெளிச்சம் சொல்லிவிடுகிறது.

சேவுகம்பட்டியில் சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் கால் வைத்துப் பாருங்கள். காற்று 38 டிகிரி என்றால் பேனல் 60-ஐத் தாண்டும். ஐப்பசியில் மலையடிவார மழை. ஐரோப்பாவில் ஏசி அறையில் ஆயிரம் மணி நேரம் தாங்கியது என்றால் அது எங்கள் ஊருக்கான விடை இல்லை. ஆகவே ஃபார்வர்டு கோஷ்டிக்குச் சொல்வது: இல்லாத பேனலுக்காக இருக்கிற பேனலை ஒத்திப் போடச் சொல்லாதீர்கள். ஒத்திப் போடும் ஒவ்வொரு வருஷமும் கட்டும் கரண்ட் பில்லை நீங்களா கொடுப்பீர்கள்?

ஈயத்தைக் காட்டிப் பயமுறுத்துபவர்களுக்கும் ஒரு கணக்கு. அரை மைக்ரான் படலத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஈயம் ஒரு கிராமை விடக் குறைவு. உங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியில் பத்துக் கிலோவுக்கு மேல் இருக்கிறது. ஆனாலும் இதில் இருக்கும் ஈய உப்பு தண்ணீரில் கரையும், உடைந்த பேனலைக் கிணற்று மேட்டில் போட்டுவிட முடியாது. திரும்ப எடுத்துக்கொள்ளும் பொறுப்பு விற்றவருக்கு இருக்க வேண்டும். பயமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்.

கொடைக்கானல்காரர்களுக்குத் தெரிந்த பாடம்

எங்கள் மாவட்டத்தின் மலை மேலேதான் 1899-ல் ஆரம்பித்த கொடைக்கானல் சூரிய ஆய்வகம் இருக்கிறது. 1909-ல் அங்கே எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு ஓடுவதைக் கண்டுபிடித்தார். சூரியனைத் தொட்டுப் பார்த்தா? அது விடும் ஒளியைப் பிரித்துப் பார்த்துத்தான். ஒரு பொருளின் உள்ளே நடப்பதை அது விடும் வெளிச்சத்தை வைத்துச் சொல்லலாம் என்பதற்கு இதை விடப் பக்கத்து ஊர் உதாரணம் வேண்டுமா?

அதே வேலையைப் பேனலுக்கும் செய்யலாம். இப்போதே, சிலிக்கானுக்கே. இருட்டில் பேனலுக்கு நாம் கரண்ட் கொடுத்தால் அது மங்கலாக ஒளிரும். 1,150 நானோமீட்டரை ஒட்டிய அகச்சிவப்பு என்பதால் கண்ணுக்குத் தெரியாது, அதற்கான கேமராவில் தெரியும். நல்ல செல் பளிச்சென்று இருக்கும். விரிசல் கருப்புக் கோடாகத் தெரியும். செத்த பகுதி கருப்புத் திட்டாகத் தெரியும். எக்ஸ்ரே மாதிரி. பெரோவ்ஸ்கைட்டில் இன்னும் சுலபம், கம்பி வைப்பதற்கு முன்பே படலத்தின் மேல் ஒளியடித்து அது திருப்பி விடும் ஒளியைப் பார்த்தே நல்லதா கெட்டதா என்று சொல்லிவிடலாம்.

ஐஐடி பம்பாயின் தேசிய ஒளிமின் ஆய்வு மையமும் தேசிய சூரிய ஆற்றல் நிறுவனமும் சேர்ந்து 2013, 2014, 2016, 2018 ஆண்டுகளில் நாடு முழுக்கப் போய்ப் பேனல்களைச் சோதித்தன. வெறும் மீட்டரோடு போகவில்லை, இந்த மாதிரிக் கேமராக்களோடும் போனார்கள். சூடான பகுதிகளில் பேனல் வேகமாகத் தேய்கிறது, பெரிய சூரியப் பண்ணைகளை விடச் சின்ன அமைப்புகளின் நிலைமை மோசம் என்பது அவர்கள் கண்டது. புரிகிறதா? அடி விழுவது நம்ம மாதிரி ஊருக்கு, நம்ம மாதிரி மாடிக்கு.

என் கோரிக்கை

2024 பிப்ரவரியில் ஆரம்பித்த பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் ஒரு கோடி வீடுகள் இலக்கு. 3 கிலோவாட் போட்டால் 78,000 ரூபாய் மானியம். மீதியைக் குடும்பம் போடுகிறது, பலர் வங்கிக் கடனில். பூ விற்ற காசிலும் தென்னந்தோப்புக் குத்தகைக் காசிலும் தவணை கட்டப்போகிற குடும்பங்கள் இவை. லாரியில் ஏறி, வத்தலக்குண்டு ரோட்டில் குலுங்கி, ஏணியில் தலைச்சுமையாக ஏறி வரும் பேனலில் விரிசல் விட்டிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. கரண்ட் கொஞ்சம் குறைவாக வரும். கேட்டால் "மேகமூட்டம்ணே", "தூசிண்ணே". பத்து வருஷம் கழித்து வாரண்டி கேட்டால் "ஆரம்பத்திலிருந்தே இப்படி இருந்ததுன்னு நிரூபிங்க". 25 வருஷ வாரண்டி என்பது காகிதத்தில் சொத்து. நிரூபிக்க ஆவணம் இல்லாவிட்டால் அது வாராக்கடன்.

அந்த ஆவணம்தான் ஒளிர்வுப் படம். பெரிய தொழிற்சாலைகளில் பேனல் வெளியே போகும் முன் இந்தப் படத்தை எடுத்துத்தான் பார்க்கிறார்கள். அதாவது, படம் ஏற்கெனவே இருக்கிறது. வாங்குபவர் கையில் கொடுப்பதில்லை, அவ்வளவுதான். செலவு அதிகம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், எடுத்த படத்தை அனுப்ப என்ன செலவு?

ஆகவே மூன்றே மூன்று.

1. மானியம் வாங்கும் ஒவ்வொரு பேனலுக்கும் அதன் வரிசை எண்ணோடு ஒளிர்வுப் படத்தை வாங்குபவருக்குக் கொடுக்க வேண்டும். மாடியில் ஏற்றிய பிறகு நூற்றில் சிலவற்றையாவது மறுபடி படம் எடுத்து ஒப்பிட வேண்டும். கணக்குக்குத் தணிக்கை உண்டு, பேனலுக்கு ஏன் கூடாது?

2. பெரோவ்ஸ்கைட் பற்றி அரசோ நிறுவனமோ அறிவித்தால் சதவீதத்தோடு மூன்று விவரம் சேர்த்துச் சொல்ல வேண்டும்: செல்லின் அளவு, எத்தனை டிகிரியில் எத்தனை மணி நேரம் தாங்கியது, விழும் எலக்ட்ரானில் எவ்வளவு ஒளியாக வருகிறது. 85 டிகிரி சூடு, 85 சதவீத ஈரம், 1,000 மணி நேரம் என்ற சோதனை சிலிக்கானுக்குப் பல வருஷமாக இருக்கிறது. புதுப் பையனுக்கு மட்டும் பரீட்சையில் சலுகை எதற்கு?

3. சோதனை மையங்கள் நம்ம சமவெளிக்கு வர வேண்டும். கங்கைகொண்டானில் டாடா 4.3 ஜிகாவாட் ஆலை வைத்திருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஃபர்ஸ்ட் சோலார் 2024 ஜனவரியில் 3.3 ஜிகாவாட் காட்மியம் டெல்லுரைடு ஆலையைத் திறந்தது. தமிழ்நாடு பேனல் செய்யும் மாநிலம் ஆகிவிட்டது, சந்தோஷம். ஆனால் செய்வது ஒன்று, அது நம்ம வெயிலில் எப்படித் தேய்கிறது என்று அறிவது இன்னொன்று. இரண்டாவது இல்லாவிட்டால் நாம் கூலிக்குப் பூட்டிக் கொடுப்பவர்கள், அவ்வளவுதான்.

"காமர்ஸ் படிக்கிற பையனுக்கு இது எதுக்குப்பா?" என்று வகுப்பிலேயே கேட்கிறார்கள். பணம் போடுகிற இடத்தில் நஷ்டம் எங்கே என்று கேட்பதுதானே நம்ம பாடம்? ஷாக்லியும் க்வைசரும் எழுதியது ஒரு வரவு செலவுக் கணக்குதான். வரவு, சூரிய ஒளி மாடிக்கு ஏற்றிய எலக்ட்ரான்கள். செலவு, மின்சாரமும் திரும்பிப் போகும் ஒளியும். மீதி எல்லாம் யாரோ மறைக்கும் அப்நார்மல் லாஸ்.

இனி யாராவது பேனலைக் காட்டி "எத்தனை வாட்" என்று பெருமையாகச் சொன்னால், நீங்கள் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "இது ஒளிர்ற படத்தைக் காட்டுங்க அண்ணே." காட்டினால் வாங்குங்கள். முழித்தால் நடையைக் கட்டுங்கள்.